டைட்டில் இன்சூரன்ஸ் என்றால் உரித்துக் காப்பீடு

அமெரிக்காவில் வீடு வாங்கும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் தரப்படும் செலவுக் கணக்கில் இரண்டு செலவுகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று கடன் கொடுக்கும் வங்கிக்கான டைட்டில் பாலிசி. மற்றொன்று வாங்குபவருக்கான டைட்டில் பாலிசி. இரண்டாவதன் பக்கத்தில் ‘விருப்பம் இருந்தால் மட்டும்’ என்ற குறிப்பும் இருக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அந்தச் செலவில்தான். அது எதைக் காக்கிறது என்பது தமிழில் தெளிவாகச் சொல்லப்படாததும் இதற்கு ஒரு காரணம்.

‘தலைப்புக் காப்பீடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். கதைக்கும் கட்டுரைக்கும் தலைப்பு உண்டு, வீட்டுக்கு ஏது? ‘சொத்துக் காப்பீடு’ என்று எழுதுவது அதைவிடக் கெடுதல். தீ, புயல், திருட்டு போன்றவற்றால் வரும் சேதத்துக்குத்தான் சொத்துக் காப்பீடு. டைட்டில் இன்சூரன்ஸ் கட்டடத்தின் பக்கமே போகாது. அந்த வீடு சட்டப்படி உங்களுடையதுதானா என்பது ஒன்றே அதன் கவலை.

டைட்டில் என்பதன் வேர் ‘டிடுலுஸ்’ என்ற லத்தீன் சொல். எழுதி மாட்டிய பலகை, சீட்டு என்று பொருள். இயேசுவின் சிலுவையின் மேல் ரோம ஆளுநர் பிலாத்து எழுதி வைத்ததை லத்தீன் விவிலியம் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது ‘மேல்விலாசம்’. ரோமில் விற்பனைக்கு நிறுத்தப்பட்ட அடிமைகளின் கழுத்திலும் டிடுலுஸ் தொங்கியது. ஒவ்வொருவருக்கும் என்ன நோய், என்ன குறை என்று வாங்குபவருக்குப் புரியும்படி அதில் எழுத வேண்டும் என்பது சந்தையை மேற்பார்த்த அதிகாரிகளின் ஆணை. மனிதரை மனிதர் விற்ற கொடுமைக்கு நடுவில் பிறந்த விதி அது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், நூலின் பெயராகவும் பிரபுக்களின் பட்டமாகவும் கிளைத்தது. சட்டத்தில் மட்டும், ‘இது இன்னாருடையது என்று சொல்ல என்ன ஆதாரம்?’ என்ற கேள்விக்கான விடையாக நின்றது.

ஆகவே டைட்டில் என்பது காகிதம் அல்ல. காகிதத்துக்குப் பத்திரம் என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பத்திரத்துக்கு உயிர் கொடுக்கும் உரிமைதான் டைட்டில். விற்றவரிடம் என்ன இருந்ததோ அதுதான் வாங்கியவருக்கு வரும். அவரிடம் பாதிதான் இருந்தது என்றால், முழு விலை கொடுத்து, முறையாகப் பதிந்து வாங்கினாலும் உங்களுக்குக் கிடைப்பது பாதிதான்.

இதற்குக் காப்பீடு எடுக்கலாம் என்ற எண்ணம் பிலடெல்பியாவில் பிறந்தது. அதன் பின்னணியில் 1868இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இருக்கிறது. வாட்சன் என்பவர் சொத்து வாங்க, பத்திரம் எழுதித் தரும் முயர்ஹெட் என்பவர் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தார். சொத்தின் மேல் ஒரு நீதிமன்றக் கடன் தீர்ப்பு இருப்பது அவர் கண்ணில் பட்டது. வழக்கறிஞரைக் கேட்டார். அது சொத்தைப் பாதிக்காது என்று வழக்கறிஞர் சொல்லவே, டைட்டில் சுத்தமாக இருக்கிறது என்று வாட்சனிடம் சொல்லிவிட்டார். பிறகு அந்தக் கடனுக்காகவே சொத்து ஏலம் போனது. வாட்சன் வழக்குப் போட்டார், தோற்றார். வழக்கறிஞர் கருத்தை நம்பி நடந்துகொண்டவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். யார் மேலும் தப்பில்லை, ஆனால் பணத்தை இழந்தவர் சொத்தை வாங்கியவர். இந்த இடைவெளியை அடைக்க 1874இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. 1876இல் பிலடெல்பியாவில் டைட்டில் இன்சூரன்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது.

மற்றக் காப்பீடுகள் நாளை நடக்கக்கூடியதற்கு. இது நேற்றே நடந்து முடிந்து, இன்னும் வெளிவராமல் இருப்பதற்கு: போலிக் கையெழுத்து, சொல்லாமல் விடப்பட்ட வாரிசு, தீராத கடன், பதிவேட்டில் விழுந்த பிழை. அதனால்தான் பிரீமியத்தை ஆண்டுதோறும் கட்ட வேண்டியதில்லை, வாங்கும் அன்று ஒரே தடவைதான். நிறுவனம் முதலில் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்க்கிறது. கட்டும் பணத்தில் பெரும்பகுதி அந்தத் தேடலுக்கும் முகவருக்கும் போகிறது, இழப்பீடாகத் திரும்புவது சிறு பங்குதான். விலை அதிகம் என்ற குறை அமெரிக்காவில் நெடுங்காலமாக இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. அயோவா மாநிலம் 1947இலேயே தனியார் இதை விற்பதைத் தடைசெய்தது. அங்கே இப்போது அரசே உத்தரவாதத் திட்டம் நடத்துகிறது.

இரண்டு பாலிசிகளைக் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து. ஐந்து லட்சம் டாலர் வீடு, ஒரு லட்சம் கைக்காசு, நாலு லட்சம் வங்கிக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வங்கி தனக்கு ஒரு பாலிசி கேட்கும், அதற்கான பணத்தைப் பெரும்பாலும் நீங்கள்தான் கட்டுவீர்கள். முந்தைய உரிமையாளரின் வாரிசு ஒருவர் வந்து வழக்கில் வென்றுவிட்டால், அந்தப் பாலிசி பார்த்துக்கொள்வது வங்கியின் பாக்கிக் கடனை மட்டும். உங்கள் ஒரு லட்சமும் இத்தனை நாள் கட்டிய தவணையும் போனது போனதுதான். கடன் குறையக் குறைய அந்தக் காப்பும் குறைந்துகொண்டே வரும். வாங்குபவருக்கான பாலிசி அப்படியல்ல. நீங்களோ உங்கள் வாரிசுகளோ வீட்டை வைத்திருக்கும்வரை அது நிற்கும், வழக்குச் செலவையும் ஏற்கும். பொதுவாக வாங்கிய விலைதான் அதன் வரம்பு. வீட்டின் மதிப்பு பிறகு ஏறினால் அந்த ஏற்றத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

பாலிசிக்கு முன் தரப்படும் உறுதிக் கடிதத்தில் ‘ஷெட்யூல் பி’ என்றொரு பகுதி வரும். எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பட்டியல் அது. பக்கத்து வீட்டாரின் வழியுரிமை, மின்கம்பிக்கு விட்ட இடம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் படியுங்கள். உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்ட குறைக்கும் காப்பு கிடையாது.

இனி தமிழ்ச் சொல். தமிழ்நாட்டில் வங்கிக் கடன் உள்ள வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டால் ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று வரும். அங்கே டைட்டிலுக்கு உரிமை என்று எழுதியிருக்கிறார்கள். பிழையில்லை, ஆனால் உரிமை என்ற சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது: மனித உரிமை, வாக்குரிமை, பதிப்புரிமை. ‘உரிமைக் காப்பீடு’ என்றால் எந்த உரிமை என்று கேட்கத் தோன்றும். இலங்கைத் தமிழில் இதற்கு அளந்து தைத்தாற்போல் ஒரு சொல் புழங்குகிறது: உரித்து. ‘காணி உரித்து நிர்ணயத் திணைக்களம்’ என்று அங்கே ஓர் அரசுத் துறையே உண்டு. பத்திரத்துக்கு அங்கே உறுதி என்று பெயர். காகிதத்துக்கு ஒரு சொல், உரிமைக்கு இன்னொரு சொல் என்று பிரித்து வைத்திருப்பது எவ்வளவு வசதி! உரித்து புதிதாகச் செய்த சொல்லும் அல்ல, ‘உரியது’ என்ற பொருளில் பழந்தமிழில் உள்ளது. வெங்காயம் உரித்தது சிலருக்கு நினைவு வரலாம். காப்பீட்டோடு சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் நேராது. தமிழ்நாட்டில் உரித்துக் காப்பீடு என்றும் இலங்கையில் உரித்துக் காப்புறுதி என்றும் எழுதலாம்.

நம் ஊரில் இந்தச் சொல் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாத உயில், சொல்லாத வாரிசு அதில் தெரியாது. பத்திரம் பதிவானதாலேயே உரித்து உறுதியாகிவிடாது. எழுதிக் கொடுப்பவருக்கு உரித்து உண்டா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலையல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, அப்படிப் பார்க்க வைத்த தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(1)ஐச் செல்லாது என்றது. கட்டுமான நிறுவனத்திடம் வாங்குபவர்களுக்கு மட்டும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கிறது. மாநில அரசு அறிவிக்கை செய்யும்போது, நிலத்தின் உரித்துக்கு நிறுவனமே காப்பீடு எடுக்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. உரித்தில் குறை இருந்து வாங்கியவருக்கு நட்டம் வந்தால் நிறுவனம் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 18(2). அந்த ஈட்டைக் கேட்பதற்குக் காலவரம்பும் தடையில்லை.