சோக் யாருடைய கையில்?

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிற பிள்ளைகளின் நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான். பாடசாலையில் இணைந்த கணிதம் படிப்பிக்க நிரந்தரமாக ஓர் ஆசிரியர் இருந்தால் அது பெரிய விஷயம். சனி, ஞாயிறில் ஏ9 வீதியால் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ரியூசனுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காசும் நேரமும் இல்லாதவர்கள் அதைவிட நிறையப் பேர். மிச்ச நாளில் யாராவது ஒருவரின் வீட்டு விறாந்தையில், பாஸ்ட் பேப்பரும் ஒரு கறுப்புப் பலகையுமாக நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். "குறூப் ஸ்ரடி எண்டு சொல்லிப்போட்டு இருந்து அலட்டுதுகள்" என்று அம்மாமார் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே விறாந்தையில் உண்மையான படிப்பும் நடக்கும். எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்பதை உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் துருவிப் பார்த்திருக்கிறார்கள்.

கணித வகுப்புகளில் சிறு குழுக்களாகப் படிக்கும் மாணவர்களை அமெரிக்க ஆய்வாளர் நொறீன் வெப் 1980களில் கூர்ந்து கவனித்தார். யார் யாருக்கு என்ன சொல்கிறார்கள் என்று பதிந்துவைத்து, பிறகு வந்த பரீட்சைப் புள்ளிகளோடு ஒப்பிட்டார். விளக்கம் கொடுத்த பிள்ளைகள் நன்றாகச் செய்திருந்தார்கள். உதவி கேட்டு, வெறும் விடையை மட்டும் வாங்கிக்கொண்டவர்களுக்குப் பயன் இருக்கவில்லை. "உதுக்கு விடை 3 மச்சான், எழுது" என்று சொல்வது நட்பாக இருக்கலாம், உதவி ஆகாது. விறாந்தையில் சோக் யாருடைய கையில் இருக்கிறதோ, அவருக்குத்தான் அன்றைய படிப்பின் பெரும்பங்கு போய்ச் சேர்கிறது.

ஏன் அப்படி? பிரயோக கணிதத்தில் எல்லோரையும் திணறவைக்கும் ஒரு கணக்கை எடுப்போம். ஒப்பமான, அதாவது உராய்வில்லாத, மேசையில் ஓர் ஆப்பு. அதன் ஒப்பமான சரிவில் ஒரு துணிக்கை வழுக்கி இறங்குகிறது. இரண்டினதும் ஆர்முடுகல்களை, அதாவது வேகம் மாறும் வீதங்களை, காண வேண்டும். ஒருவன் பலகையில் செய்துகாட்டத் தொடங்குகிறான்.

"துணிக்கை சரிவு வழியே கீழ போகுது. அந்த ஆர்முடுகலைப் போட்டு, சரிவு வழியே நியூற்றன்ர விதியை எழுதுறன்."

"பொறடாப்பா. அந்த ஆர்முடுகல் எது சார்பா?"

"ஆப்பு சார்பா."

"அப்ப ஆப்பு சும்மா நிக்குதோ?"

நிற்கவில்லை. துணிக்கை ஒரு பக்கம் இறங்க, ஆப்பு மற்றப் பக்கம் நகர்கிறது. நியூற்றனின் இரண்டாம் விதிக்குள் போட வேண்டியது புவி சார்பான ஆர்முடுகல். அதாவது, ஆப்பு சார்பாகத் துணிக்கையின் ஆர்முடுகலையும் புவி சார்பாக ஆப்பின் ஆர்முடுகலையும் காவிகளாக, அதாவது திசையையும் சேர்த்து, கூட்டிய பிறகு வருவது. சோக் பிடித்தவன் இந்தக் கணக்கின் விடையை நோட்டில் பலதரம் பார்த்திருப்பான். ஒவ்வொரு வரியும் விளங்கியது போலவே இருந்திருக்கும். "எது சார்பா?" என்று நோட் கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கிறவன் கேட்கிறான்.

1989இல் மிஷெலீன் சி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதே இயக்கவியல் பாடத்தில்தான் பரிசோதனை செய்தார்கள். செய்துகாட்டிய கணக்குகளைப் படிக்கும்போது மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். பிறகு கணக்குகளை நன்றாகச் செய்த மாணவர்கள், படிக்கும்போது வரிக்கு வரி நின்று "இது ஏன் இப்படி?" என்று தங்களுக்கே விளக்கம் சொல்லியிருந்தார்கள். தங்களுக்கு எங்கே விளங்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் விளங்குகிறது என்று நினைத்துக்கொண்டு கடந்து போயிருந்தார்கள். தனியே இருந்து தன்னையே குறுக்குக்கேள்வி கேட்கும் பழக்கம் எல்லோருக்கும் வராது. கூட்டத்தில் அந்த வேலையைச் சிநேகிதர்கள் சும்மா செய்து தருகிறார்கள்.

விளக்கம் சொல்வதில் இன்னொரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. நோட்டைப் பார்க்காமல், தலைக்குள் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களை ஒரு பந்தியை வாசிக்கவைத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள்: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு கிழமை கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களிடம் 42 வீதம்தான் மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 56. பரீட்சைக்கு முதல் நாள் இரவு நோட்டைப் புரட்டும்போது "எல்லாம் தெரியும்" என்று வரும் தைரியத்தை எவ்வளவு நம்பலாம் என்பது இதிலேயே தெரிகிறது.

சரி, அப்படியானால் எந்நேரமும் கூடியிருந்தே படித்தால் என்ன? அங்கேதான் பிசகு வருகிறது. கூட்டாக ஒன்றை நினைவுகூரும்போது, தனித்தனியே எழுதி ஒன்றுசேர்த்தால் வந்திருக்கக்கூடிய அளவைவிடக் குறைவாகவே வருகிறது என்று பல பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒருவர் பேசத் தொடங்கியதும் மற்றவருடைய யோசனை அறுந்துபோகிறது. விறாந்தையில் கெட்டிக்காரப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் "ஆ, பிரதியீடு போட்டாச் சரி" என்று சொல்லிவிட்டால், மிச்ச நாலு பேருக்கும் அந்தக் கணக்கு அதோடு செத்துவிடும்.

1970களில் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதக்காரர் கண்டதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பாடசாலையில் திறமாகச் செய்து வந்த கறுப்பின மாணவர்கள் பல்கலைக்கழக நுண்கணிதத்தில் சறுக்கினார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் சறுக்கவில்லை. காரணம் தேடி அவர்கள் படிக்கும் இடங்களுக்கே போய்ப் பார்த்தார். முதலாமவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனியே. மற்றவர்கள் முதலில் தனியே செய்துவிட்டு, பிறகு கூடி ஒருவர் விடையை ஒருவர் பார்த்து வாதாடினார்கள். முதலில் தனியே, பிறகு கூட்டாக என்ற அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் பயன் போய்விடும்.

வெப்பின் ஆய்வுகளில் வந்த இன்னொரு முடிவை அதிகம் பேர் பேசுவதில்லை. கெட்டிக்காரர், நடுத்தரமானவர், பின்தங்கியவர் எல்லோரும் கலந்த குழுவில், கெட்டிக்காரர் பின்தங்கியவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நடுவில் உள்ளவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. வன்னியில் குழுக்கள் திறமை பார்த்துச் சேர்வதில்லை, ஒரே ஊர், ஒரே பஸ் என்று சேர்கின்றன. அதனால் விசுவமடுவிலும் மல்லாவியிலும் இந்த நடுப்பிள்ளை கட்டாயம் இருப்பார். சோக்கை முதலில் அவரிடம் கொடுங்கள். கெட்டிக்காரர் கேள்வி கேட்கட்டும்.

எந்தக் கணக்குகளைச் செய்வது என்பதிலும் கூட்டத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 'எக்ஸ் வர்க்கம் சக 4' கீழே, 1 மேலே: தொகையிட்டால் நேர்மாறு தான்சன் வரும். மேலே 1க்குப் பதில் எக்ஸ் இருந்தால் மடக்கை. மேலே 1ஐ அப்படியே வைத்து, கீழே சகவுக்குப் பதில் சய இருந்தால் பகுதிப் பின்னம். பார்வைக்கு மூன்றும் கூடப்பிறந்தவை, முறைகளோ வேறு வேறு. ஒரே முறைக் கணக்குகளை வரிசையாக இருபது செய்கிறவருக்கு முறையைத் தெரிவுசெய்யும் பயிற்சியே கிடைப்பதில்லை. றோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் திண்மங்களின் கனவளவுக் கணக்குகளில் இதைச் சோதித்தார்கள். பயிற்சியின்போது ஒரு வகையை முடித்து அடுத்த வகை என்று செய்தவர்கள் 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60. ஒரு கிழமை கழிய, ஒவ்வொரு வகையாகச் செய்தவர்கள் 20 வீதம், கலந்து செய்தவர்கள் 63! ஆளுக்கு மூன்று கணக்கு வெவ்வேறு பாடங்களில் இருந்து துண்டில் எழுதிவந்து, குலுக்கி எடுத்தால் இந்தக் கலவை தானாக வந்துவிடும்.

பரீட்சை நெருங்கும்போது முழுப் பேப்பரை மூன்று மணித்தியாலம் வைத்துத் தனியே செய்யத்தான் வேண்டும். பிறகு விடைத்தாளை மாற்றி, புள்ளியிடும் திட்டத்தை வைத்துத் திருத்தலாம். ஏ பகுதியில் ஒரு வினாவுக்கு 25 புள்ளி, பீ பகுதியில் 150. ஐந்து ஐந்தாக, படிப்படியாகப் போடுவார்கள். தன் விடையில் கண்ணில் படாத விடுபட்ட படி, மற்றவரின் தாளில் உடனே தெரியும்.

கடைசியாக ஒரு பயம்: எல்லோருமாகச் சேர்ந்து பிழையான விடைக்கு வந்துவிட்டால்? 2009இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, குழுவில் ஒருவருக்குமே விடை தெரியாத நிலையிலும் கதைத்துப் பார்த்தபின் சரியான விடைகள் கூடுவதைக் கண்டது. அதற்காகக் கையுயர்த்தி வாக்கெடுத்து விடையை முடிவுசெய்ய முடியாது. தொகையிட்டதை வகையிட்டுப் பார்க்கலாம். ஆப்புக் கணக்கில், ஆப்பின் திணிவை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள். அது அசையாது, ஆகவே நிலையான சாய்தளத்தின் விடை வர வேண்டும். சரிவை 90 பாகையாக்கினால் துணிக்கை சும்மா விழ வேண்டும், ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலாகவே வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு சைன் கோசைனாக மாறியிருக்கிறது. பலகையில் மேலே போய்த் தேடலாம்.