தோமா வீட்டுக்குள் இருந்த எட்டு நாட்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மனநல மருத்துவராக இருக்கிறேன். காசிமேடு, இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் பலர். தூக்கம் இல்லை, தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு என்று தொடங்குவார்கள். மருந்துச் சீட்டை எழுதி நீட்டும்போதுதான், எழுந்து நின்றபடி குரலைத் தாழ்த்தி, உள்ளே இருந்தது வெளியே வரும்: "டாக்டரம்மா, எனக்கு ஜெபம் வரவில்லை."

கடனை, கணவரின் குடியை, மகன் வீட்டைவிட்டுப் போனதை எல்லாம் உட்கார்ந்து சொல்பவர்கள் இதை மட்டும் வாசலில் நின்று சொல்கிறார்கள். அந்த வெட்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயது. விடியுமுன் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்பவர். இருபது வருடமாக ஞாயிறு பள்ளி ஆசிரியை. அவர் பையில் எப்போதும் வேதாகமம் இருக்கும். உப்புக்காற்றில் அதன் உறையின் ஜிப் துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றுவிட்டிருந்தது. அதை என் மேசைமேல் திறந்து வைத்தார். ஓரங்களில் எல்லாம் நீலப் பேனாவால் தேதிகள். ஒரு வசனம் தன்னோடு பேசியதாக உணர்ந்தால் அதன் பக்கத்தில் அன்றைய தேதியைக் குறிப்பது அவர் வழக்கம். மகளுக்குப் பிரசவம் ஆன நாள், புயலில் கணவரின் படகு கரை திரும்பிய நாள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தவர், ஒரு தேதியில் விரலை வைத்து நிறுத்தினார். "இதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் ஆகிறது. தினமும் வாசிக்கத்தான் செய்கிறேன். வெறும் எழுத்தாகத் தெரிகிறது."

இதைச் சபையில் ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். "அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது" என்று பதில் வந்தது. மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார்கள், இருந்தார். முழு இரவு ஜெபத்துக்கும் போனார். மூன்றாம் நாள் காலையில் மீன் கூடையோடு மயங்கி விழுந்தார்.

நான் அவருடைய தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். படுத்த படுக்கையாகக் கிடந்த தாயாரை மூன்று வருடம் பார்த்திருக்கிறார். இரவில் நான்கைந்து முறை எழுந்து, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, பிறகு மூன்று மணிக்குத் துறைமுகம். அந்தக் கடைசித் தேதிக்கு அடுத்த வாரம் தாயார் இறந்துபோனார். அவர் அழவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்கக்கூடாது என்று வேதம் சொல்வதாக யாரோ நினைவூட்டினார்களாம். அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அங்கே அழவே கூடாது என்று சொல்லவில்லை. தம் நண்பர் லாசருவின் கல்லறை அருகே இயேசுவே கண்ணீர் விட்டார். இரத்தப் பரிசோதனையில் அந்தப் பெண்ணின் ஹீமோகுளோபின் 7.8, கடுமையான இரத்தசோகை. அந்த உடம்பைத்தான் பட்டினி போட்டிருக்கிறார்கள்.

வேதாகமத்தின் தீர்க்கதரிசி எலியாவை நினைத்துக்கொள்கிறேன். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்டவர் அவர். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை, பாவத்தைத் துருவவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. கடவுளின் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். ஜெபம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால், சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, வீட்டில் யார் போனார்கள் என்று முதலில் கேளுங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட மனதை இப்படி முடக்கிப்போடும்.

மனச்சோர்வு நோய்க்கும் ஆவிக்குரிய வறட்சிக்கும் வித்தியாசம் உண்டு, சில நேரம் இரண்டும் சேர்ந்தே வரும். வறட்சியில் ஜெபம் மட்டும் ருசிக்காது. பேரப்பிள்ளையின் மழலை ருசிக்கும், வஞ்சிரக் குழம்பு ருசிக்கும், வேலை நடக்கும். மனச்சோர்வில் எல்லாமே சப்பென்று போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி அப்படியே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், தான் எதற்கும் உதவாதவள் என்ற நினைப்பு விடாமல் அரித்தால், அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். செத்துப்போனால் தேவலை என்று தோன்றினால் ஒருநாளும் தள்ளிப்போடக்கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஒரு வாரத்தில் பலன் இல்லை என்றோ, மாத்திரை விசுவாசக் குறைவு என்றோ நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போதகர்களே, ஃபாதர்களே, உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: ஜெபியுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் மனச்சோர்வுக்கான மருந்தும் கொடுத்தேன். அடக்கிவைத்திருந்த அழுகையை என் அறையில் இரண்டு மூன்று முறை அழுது தீர்த்தார். மூன்றாம் மாதம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஜெபம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது மட்டும் அப்படியேதான், டாக்டரம்மா."

எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான், மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, மீதி இருப்பது நோயல்ல என்று புரிந்தது. அன்னை தெரசா ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலே கொல்கத்தாவில் சாகக்கிடந்தவர்களைத் தூக்கி அணைத்தார். அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோதுதான் உலகம் அதை அறிந்தது. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது. சங்கீதப் புத்தகத்தைத் தொகுத்தவர்களும் 88-ஆம் சங்கீதத்தை நீக்கிவிடவில்லை. நண்பர்கள் மறைந்துபோனார்கள் என்ற புலம்பலோடு முடியும் ஜெபம் அது. கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது. இதை நான் சொன்னபோது அந்தப் பெண் உடனே பக்கத்தைத் தேடி எடுத்தார். ஓரத்தில் தேதி எதுவும் இல்லை. "இருபது வருடத்தில் இதைப் பிள்ளைகளுக்கு நான் நடத்தியதே இல்லை" என்றார்.

இன்னொரு கூட்டம் உண்டு, பெரும்பாலும் இளையவர்கள். ஆராதனை நடுவில் கடவுளைத் தூஷிக்கும் வார்த்தைகள் தானாக மனதில் வந்து விழும். மன்னிப்பே இல்லாத பாவத்தைச் செய்துவிட்டோம் என்று நடுங்கிப்போவார்கள், நாளுக்கு நூறுமுறை மன்னிப்புக் கேட்பார்கள். பெரும்பாலும் இது எண்ணச்சுழற்சி நோய் (OCD). அந்த வார்த்தைகள் அவர்கள் விரும்பி நினைப்பவை அல்ல. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

சந்தேகப்படுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது இயேசுவின் சீடர் தோமாவைத் திட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. சாந்தோமிலும் பரங்கிமலையிலும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் இது. யோவான் இருபதாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இயேசு உயிர்த்தெழுந்ததை மற்றச் சீடர்கள் சொன்னபோது, "நான் விசுவாசிக்கமாட்டேன்" என்று அவர் சொன்ன பிறகு எட்டு நாள் போகிறது. அப்போது அந்த வீட்டுக்குள் தோமாவும் மற்றவர்களோடு இருக்கிறார். அவர்கள் ஆண்டவரைக் கண்டவர்கள், இவர் நம்பாதவர். அவர்கள் இவரை வெளியே அனுப்பவில்லை, இவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அந்த எட்டு நாள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யோவான் எழுதவில்லை. சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள், கதவைப் பூட்டியிருப்பார்கள், பயந்திருப்பார்கள். நம் சபைகளில் ஒருவருக்கு அந்த எட்டு நாள் கிடைக்கிறதா?

இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் இக்னேசியஸ் லயோலா ஒரு விதி எழுதிவைத்திருக்கிறார்: வறண்ட காலத்தில் முன்பு எடுத்த முடிவுகளை மாற்றாதே. சபையைவிட்டே போய்விடட்டுமா, ஞாயிறு பள்ளியை விட்டுவிடட்டுமா என்று கேட்பவர்களிடம் அதைச் சொல்வேன். நீண்ட ஜெபம் வராவிட்டால் கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒன்று போதும். அதுவும் வராவிட்டால், "என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்" என்று நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் அழுத அந்தத் தகப்பனின் ஒரு வரி. அதுவும் முடியாத நாளில் பக்கத்தில் ஒருவர் ஜெபிக்க, நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள். அந்தப் பெண்ணின் கணவர் ஒருமுறை கூடவே வந்திருந்தார். அதிகம் பேசாதவர். "தடைக்காலத்தில் 61 நாள் படகை எடுக்கமாட்டோம், வலை பின்னிக்கொண்டு கரையில்தான் இருப்போம். அதற்காக என்னை மீனவன் இல்லை என்று சொல்லிவிடுவாயா?" என்று மனைவியிடம் கேட்டார். எனக்குச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.

போன மாதமும் அவர் வந்தார். ஹீமோகுளோபின் 11-க்கு ஏறியிருந்தது. ஜெபம் அப்படியேதான் இருக்கிறதாம். இந்த முறை அதை வாசலில் நின்று சொல்லவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார். பிள்ளைகளோடு 88-ஆம் சங்கீதத்தை வாசித்தாராம், ஒரு சிறுவன், "இதை எழுதியவருக்கு யாரும் பதில் சொல்லவில்லையா, டீச்சர்?" என்று கேட்டானாம். தெரியவில்லை என்று சொல்லிவிட்டாராம். ஐந்து மணிக்குக் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை இருக்கிறது என்று மாத்திரைச் சீட்டை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.