மடைத் தருண மாற்றம்: ‘வேரியபிள் வால்வு டைமிங்’ – சொல் விளக்கம்

நெல்லை வண்ணார்பேட்டையின் கார் பட்டறைகளில் இதற்கு ‘விவிடி’ என்றுதான் பெயர். மாருதி சுசுகியும் அப்படியே குறிக்கிறது. ஹோண்டாவில் அது ஐ-விடெக், ஹூண்டாயில் விடிவிடி, டொயோட்டாவில் விவிடி-ஐ. என்ஜின் வால்வுகள் திறந்து மூடும் தருணத்தை வேகத்துக்கு ஏற்ப மாற்றும் இந்த நுட்பம் புதியதல்ல, விற்பனைக்கு வந்த காரில் இதை முதலில் பொருத்தியது 1980-இல் ஆல்ஃபா ரோமியோ. விரித்துச் சொன்னால் ‘வேரியபிள் வால்வு டைமிங்’. இதை அப்படியே ‘மாறுபடும் வால்வு நேரம்’ என்று தமிழாக்கினால் பழுது எங்கே இருக்கிறது என்பதே மறைந்துபோகிறது. அதனால் ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

‘வால்வு’ என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘வால்வா’: மடிப்புக் கதவின் ஒரு பலகை. இதயத்துக்கு இந்தக் கதவு நன்றாகப் பொருந்தும். பள்ளிப் பாடத்தில் ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று படித்திருப்போம். ‘தடுக்கிதழ்’ என்ற கலைச்சொல்லும் அந்த வழியில் வந்ததே. ஆனால் என்ஜின் வால்வில் இதழ் ஏது? நீண்ட தண்டு, அதன் நுனியில் வட்டத் தலை, தலை வந்து உட்கார ஒரு துளை, அவ்வளவுதான். நம் பக்கத்துக் குளங்களின் பழைய மடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அடிக்கண்ணில் ஒரு கூம்பு அடைப்பு, அதைத் தூக்க நெடுங்கம்பி. கம்பி ஏறினால் நீர் பாயும், இறங்கினால் கண் அடையும். என்ஜினில் பாய்வது காற்றும் புகையும். எனவே என்ஜின் வால்வுக்கு ‘மடை’ என்பதே என் தேர்வு. பேச்சில் வால்வு வால்வாகவே இருக்கட்டும். அது தமிழாகிவிட்ட சொல்.

‘டைமிங்’தான் சிக்கலான சொல். இதைக் கடிகாரத்தால் அளப்பதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் கோணத்தால் அளக்கிறார்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், மடைகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்று. உள்ளிழுக்கும் மடை பிஸ்டன் உச்சிக்கு வருமுன் இத்தனை பாகை இருக்கும்போது திறக்க வேண்டும் என்பதே கணக்கு. நிமிடத்துக்கு 750 சுற்றில் 20 பாகை கடக்க ஏறத்தாழ 4.4 மில்லி விநாடி ஆகும். 6000 சுற்றில் அதே 20 பாகை அரை மில்லி விநாடியைச் சற்றே தாண்டும். கோணம் ஒன்றே, நேரம் எட்டில் ஒன்று. ‘நேரம்’ என்ற சொல் இங்கே தவறுவது இதனால்தான். ஒன்றை வைத்து மற்றொன்றுக்கு வாய்க்கும் பொருத்தமான கணம் என்பதே கருத்து. அதற்குத் ‘தருணம்’ போதும். ‘அட்வான்ஸ்’, ‘ரிட்டார்ட்’ இரண்டுக்கும் சொல் தேடவே வேண்டாம்: முந்துதல், பிந்துதல்.

கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களுக்கும் குளத்து மடை திறப்பது ஒரே நாளில் இல்லை அல்லவா? என்ஜினும் அப்படியே. வண்டி நின்றபடி ஓடும்போது உள்மடை பிந்தித் திறக்க வேண்டும். நடுவேகத்தில் இழுவை வேண்டுமானால் முந்த வேண்டும். மிகு வேகத்தில் மறுபடி பிந்த வேண்டும். இந்த முந்தலையும் பிந்தலையும் செய்வது கேம் தண்டின் முனையில் உள்ள ‘ஃபேசர்’. தமிழில் ‘தருணத் திருப்பி’ எனலாம். அதைத் திருப்பும் விசை என்ஜின் ஆயிலின் அழுத்தம். ஆயிலை எந்த அறைக்கு விடுவது என்று தீர்மானிப்பது ஒரு சிறு மின்வால்வு. அதற்குக் கட்டளை தருவது கணினி.

ஆகவே விவிடி பழுது என்றால் முதலில் எடுக்க வேண்டியது கணினியின் பிழை எண்களைப் படிக்கும் ஸ்கேனர் அல்ல, ஆயில் அளவு பார்க்கும் குச்சி. நின்றபடி ஓடும்போது உதறல், புளியரை மலைச்சாலை ஏற்றத்தில் இழுவைக் குறைவு, செக் என்ஜின் விளக்கு ஆகியவற்றுடன் வரும் வண்டிகளில் அளவு குறைந்த ஆயிலையும், மாற்றாமல் விட்ட ஆயிலையும், தவறான பாகுத்தன்மையில் ஊற்றிய ஆயிலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான் பார்க்க, ஒரு மெக்கானிக் அண்ணாச்சி அந்த மின்வால்வைக் கழற்றித் துணியில் வைத்தார். விரல்நுனி அளவுச் சல்லடை. கண்கள் முழுக்கக் கரிப்பிசின். பெட்ரோலில் கழுவி, 12 வோல்ட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். முதலில் அசையாத உள்தண்டு, பிறகு ‘டக் டக்’ என்று நகர்ந்தது. பல வண்டிகளில் அதைப் பொருத்தியபடியே சோதிக்கலாம். என்ஜின் நின்றபடி ஓடும்போது அதற்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால் ஓட்டம் கரடாக வேண்டும், அல்லது என்ஜின் அணைய வேண்டும். மாற்றமே இல்லையென்றால் மின்வால்வோ, ஆயில் வழியோ, திருப்பியோ சிக்கியிருக்கிறது.

பிழை எண்களும் இப்படித்தான் பேசுகின்றன. பி0010 என்றால் மின்சுற்றில் கோளாறு. கம்பியையும் இணைப்பியையும் பாருங்கள். பி0011 என்றால் தருணம் அளவுக்கு மீறி முந்தி நிற்கிறது, பி0012 என்றால் பிந்தி நிற்கிறது. கணினி கேட்ட கோணத்தையும் கேம் நிற்கும் கோணத்தையும் ஸ்கேனர் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தால் எவ்வளவு பின்தங்குகிறது என்று தெரியும். எண்ணைப் பார்த்ததும் கேம் கோணத்தை அளக்கும் உணரியை (சென்சார்) மாற்றிவிடுவது வீண்செலவு. உணரி பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்கிறது.

பி0016 வேறு வகை. கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அதன் பொருள். காலையில் குளிர்ந்த என்ஜினை எழுப்பும்போது சங்கிலிச் சலசலப்பும் சேர்ந்திருந்தால், டைமிங் சங்கிலி நீண்டிருக்கலாம், அல்லது ஒரு பல் தாவியிருக்கலாம். அதை ஆயில் மாற்றிச் சரிசெய்ய முடியாது. சங்கிலி மூடியைக் கழற்றிப் பற்சக்கரக் குறிகளை ஒப்பிட வேண்டும். பல என்ஜின்களில் சங்கிலி மேலும் தாவினால் பிஸ்டன் மடைத்தலையில் மோதிவிடும். குறிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.