ஈசிஜி: இதய மின்வரைவு

எலக்ட்ரோகார்டியோகிராம் என்பதன் சுருக்கமே ஈசிஜி. சொல்லின் மூன்று துண்டுகளும் கிரேக்கம். எலக்ட்ரான் என்றால் அம்பர், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசின். தேய்த்தால் துரும்பை இழுக்கும் அதன் குணத்தால் மின்சாரத்துக்கே அந்தப் பெயர் வந்தது. கார்டியா இதயம், கிராமா எழுதப்பட்டது.

மனித இதயத்தின் மின்சாரத்தை முதலில் பதிவு செய்தவர் லண்டனில் அகஸ்டஸ் வாலர், 1887இல். அதைத் துல்லியமாக்கி 1924இல் நோபல் பரிசு பெற்றவர் நெதர்லாந்தின் ஐந்தோவன். அவரது கருவிக்கு நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் அமிழ்த்தி உட்கார வேண்டும். பதிவில் ஏறி இறங்கும் அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவரும் அவரே.

தமிழில் 'இதயத் துடிப்புப் பதிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். துடிப்பை நாடி பிடித்தும் எண்ணலாமே! 'இதயப் படம்' இன்னும் தவறு. இதயத்தின் உருவத்தைக் காட்டுவது எக்கோ என்னும் ஸ்கேன். தாளில் விழுவது மின்சாரத்தின் கோடு என்பதால் 'இதய மின்வரைவு' என்பதே சரி.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கோடு கூடுதல் முக்கியம். பல வருடச் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துவிட்டால், சிலருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வந்துபோகும். மூச்சு வாங்கியது, வியர்த்தது, அசதியாக இருந்தது என்பதோடு விட்டுவிடுவார்கள். பிறகு எடுக்கும் ஈசிஜியில் க்யூ அலை ஆழமாக இறங்கியிருப்பதைப் பார்த்துத்தான் டாக்டருக்கே சந்தேகம் வரும்.

ஆனால், 'ஈசிஜி நார்மல்' என்றால் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்று அர்த்தமில்லை. படுத்திருக்கும்போது இதயத்துக்குக் குறைந்த ரத்தமே போதும். சுருங்கிய குழாயும் சமாளித்துவிடும். டிரெட்மில்லில் நடக்கவிட்டால்தான் எஸ், டி அலைகளுக்கு இடைப்பட்ட எஸ்-டி பகுதி கீழே இறங்கிக் குறையைக் காட்டும். அதிலும் சில அடைப்புகள் தப்பிவிடுவதுண்டு.

இதயத்துக்குப் போகும் நரம்புகளின் நிலையையும் இதே கருவியில் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஆறு தடவை ஆழமாக மூச்சை இழுத்துவிடச் சொல்வார்கள். இழுக்கும்போது துடிப்பு கூடி, ஆர் அலைகள் நெருங்கும், விடும்போது விலகும். அந்தக் கூடுதல் குறைவு நிமிடத்துக்கு 15 துடிப்புக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. 10க்கும் கீழே என்றால் நரம்பு பாதித்திருக்க வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் தானாகவும் குறையும் என்பதால், வயதையும் சேர்த்தே டாக்டர் முடிவுக்கு வருவார்.