உப்பு ஏன் சோள முத்துக்குள் இறங்குவதில்லை?

ரொம்ப நாளாக நான் மக்காச்சோளம் வேகவைத்த விதம் இதுதான்: குக்கர் நிறையத் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, ஐந்தாறு விசில். திறந்து கடித்தால் முத்து சப்பென்று இருக்கும். மிஞ்சிய தண்ணீரை நாக்கில் வைத்தால் கரிக்கும். அடுத்த முறை உப்பை இன்னும் கூட்டிப் போடுவேன், பலன் அதேதான். கோளாறு உப்பின் அளவில் இல்லை, முத்தின் தோலில் இருக்கிறது என்று புரிய வெகுகாலம் ஆயிற்று.

கதிரிலிருந்து ஒரு முத்தைப் பிய்த்துப் பாருங்கள். விதை என்று நாம் சொல்வது தாவரவியல் கணக்கில் ஒரு முழுக் கனி. பழத்தோலும் விதைத்தோலும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே மெல்லிய உறையாகிவிட்டன. அதன்மேல் மெழுகுப் பூச்சு வேறு. கொஞ்சம் தளர்வான இடம் என்றால் அது அடிப்பக்கம்தான், தக்கையோடு ஒட்டியிருக்கும் நுனி. முழுக் கதிராக வேகும்போது அந்த வாசலும் அடைத்தே கிடக்கிறது. வேகும் சில நிமிடங்களில் உப்பு உள்ளே போக வழியே இல்லை. தண்ணீரில் சர்க்கரை போட்டு வேகவைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

சரி, அந்த உறைக்குள் என்ன இருக்கிறது? நகத்தால் ஒரு முத்தைக் குத்தினால் பால் போல ஒரு சாறு தெறிக்கும். குஞ்சம் வெளியே வந்து ஏறக்குறைய 20 நாளில் கதிர் இந்தப் பால் பருவத்துக்கு வருகிறது. (குஞ்சத்தின் ஒவ்வொரு இழையும் ஒரு முத்தோடு இணைந்தது. வரிசையில் ஓர் இடம் பொக்கையாக இருந்தால், பெரும்பாலும் அந்த இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.) இலையில் உருவான சர்க்கரை தக்கை வழியாக முத்துக்கு வருகிறது. முத்துக்குள் இருக்கும் நொதிகள் அதைக் கோத்து மாவுச்சத்தாக அடுக்கிவைக்கின்றன. நாளை முளைக்கப்போகும் செடிக்கான சேமிப்பு அது. நமக்குப் பிடிப்பதோ அடுக்கப்படாத சர்க்கரை.

கதிரை ஒடித்த பிறகு புதுச் சர்க்கரை வருவது நின்றுவிடும். நொதிகள் நிற்பதில்லை, இருப்பதை மாவாக்கிக்கொண்டே இருக்கும். வழக்கமான ஸ்வீட் கார்ன் ரகத்தில், 30 டிகிரி செல்சியஸில் ஒரே நாளில் பாதிக்கும் மேற்பட்ட சர்க்கரை போய்விடுகிறது. 0 டிகிரியில் அதே ஒரு நாளில் போவது சுமார் 6 சதவீதம். ஆகவே வாங்கி வந்த கதிரைத் தோகையோடு நேராக ஃபிரிட்ஜில் வைப்பதுதான் சமையலின் முதல் வேலை. மேடையில் ஒரு நாள் கிடந்த கதிரை எந்த மசாலாவாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

சாதாரண மக்காச்சோளத்துக்கும் ஸ்வீட் கார்னுக்கும் வித்தியாசம் ஒரு மரபணுவில் இருக்கிறது. மாவுச்சத்தை ஒழுங்காக அடுக்கும் நொதி ஒன்று பழுதானதால், ஸ்வீட் கார்னில் சர்க்கரையும் நீரில் கரையும் ஃபைட்டோகிளைக்கோஜன் என்ற பொருளும் சேர்கின்றன. கடிக்கும்போது வரும் அந்தப் பாலாடைத்தன்மை இதனால்தான். 1953இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாக்னன் வேறொரு மரபணு மாற்றத்தைப் பற்றி எழுதினார். அதைக் கொண்ட விதைகள் காய்ந்தால் சுருங்கி ஒட்டிப்போகும், ஆனால் சர்க்கரை மிக அதிகம், பல நாள் குறையாமலும் நிற்கும். அதன் வாரிசுகள்தான் சூப்பர் ஸ்வீட் ரகங்கள். கடையில் நாலு நாள் கிடந்தும் இனிக்கிறது என்றால் அநேகமாக இவைதான். எனக்கென்னவோ இவற்றில் இனிப்பு இருக்கும் அளவுக்குச் சோளம் இல்லை. பாலாடைத்தன்மை குறைந்து, நீராகக் கடிபடுகின்றன.

இப்போது அடுப்புக்கு வருவோம். சோள மாவுச்சத்து ஏறக்குறைய 62 முதல் 72 டிகிரிக்குள் நீரை இழுத்து உப்பிக் கூழாகிவிடும். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைய இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக வேண்டும். இளம் கதிரின் இனிமையான மொறுமொறுப்பு இந்தப் பெக்டினில் இருப்பதால், மாவு வெந்து, பெக்டின் கரையத் தொடங்கும் முன் எடுத்துவிட வேண்டும். கொதிக்கும் நீரில் 3 முதல் 5 நிமிடம் போதும். என் ஐந்தாறு விசில், முற்றிய சோளத்துக்கான பழக்கம். அதில் மாவு மிகுதி, அதற்கு நேரமும் வேண்டும்.

மைக்ரோவேவில் தோகையை உரிக்காமல் ஒரு கதிரை வைத்தால், தோகையே மூடியாகி முத்தின் சொந்த நீராவியில் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும். பாத்திரத்தைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தச் சோள வாசனைக்கு முக்கியக் காரணம் டைமெத்தில் சல்ஃபைடு. பச்சைச் சோளத்தில் இருக்கும் எஸ்-மெத்தில் மெத்தியோனின் என்ற பொருள் சூட்டில் உடைந்து இது பிறக்கிறது. கடற்கரைக் காற்றின் வாசனையிலும் இதற்குப் பங்கு உண்டு. எளிதில் ஆவியாவதால், அதிக நேரம் கொதித்தால் வாசனை சமையலறைக்கும் வெறும் சக்கை தட்டுக்கும் போய்ச் சேரும்.

தணலில் சுடுவது வேறு கணக்கு. முத்தின் மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகி, அவித்த கதிரில் ஒருபோதும் வராத வறுத்த மணம் வருகிறது. ஈரத்தோடு வைத்தால் அந்த ஈரம் போகும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. துடைத்துவிட்டுச் சுடுங்கள்.

அப்புறம் உப்பு, காரம். உள்ளே போகாது என்றால் வெளியே நிற்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். வழவழப்பான ஈர முத்தின் மேல் உருகிய வெண்ணெய் நிற்காமல் தட்டில் வடிந்துவிடும். கதிரைத் துணியில் ஒற்றி எடுத்து, உருகாமல் குழைந்த வெண்ணெயைத் தடவினால் வரிசைகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ளும். மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதனால் மிளகாய்த்தூளை அந்த வெண்ணெயிலேயே குழைத்துவிடலாம், காரம் சீராகப் பரவும். உப்புக்கு நேர் எதிர்க் குணம், கொழுப்பில் கரையவே கரையாது. பொடியுப்பை எலுமிச்சை மூடியில் தொட்டுக் கடைசியாகக் கதிரில் தேய்த்தால் சாற்றில் கரைந்து ஓடும். தேய்க்கும் அழுத்தத்தில் ஒன்றிரண்டு முத்துகள் உடையும். முழுக் கதிரில் உப்புக்குத் திறக்கும் ஒரே கதவு அது.

முத்துகளைக் கத்தியால் சீவி எடுத்து வாணலியில் வதக்கினால் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு முத்துக்கும் அடிப்பக்கம் திறந்துவிடுவதால் உப்பு தாராளமாக இறங்கும். சீவிய பிறகு கத்தியைத் திருப்பி, அதன் முதுகால் தக்கையை ஒருமுறை வழித்துவிடுங்கள். அங்கே மிச்சமிருக்கும் பால் வாணலியில் விழுந்து, அரை நிமிடத்தில் தானாகவே கெட்டிப்படும்.