திடீர்ச் சிறுநீரகக் காயம்

போன சித்திரையில் மேலூர்ப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அந்த வெயிலிலும் வயலுக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் சிறுநீரே சரியாகப் போகவில்லை. மதுரையில் சேர்த்தோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 4.8. சீட்டில் 'அக்யூட் கிட்னி இஞ்சுரி' என்று எழுதியிருந்தார்கள். யாரோ அதைக் 'கிட்னி ஃபெயிலியர்' என்று சொல்லிவிட, சித்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இனிமே வாரா வாரம் டயாலிசிஸ்தானாப்பா?"

மருத்துவர்களும் ஒரு காலத்தில் 'ஃபெயிலியர்' என்றுதான் சொன்னார்கள். 2000களில்தான் அது 'இஞ்சுரி' ஆனது. தமிழில் நாம் இன்னும் 'செயலிழப்பு' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பதில் 'திடீர்ச் சிறுநீரகக் காயம்' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம்.

'அக்யூட்' லத்தீனிலிருந்து வந்தது, வேர்ப்பொருள் 'கூரான'. தொல்காப்பிய உரியியல் 'கடி' என்ற சொல்லுக்குக் கூர்மை, விரைவு இரண்டையும் பொருளாகச் சொல்கிறது. அந்த வகையில் 'கடிய' அழகான சொல். ஆனால் இன்றைய காதுக்கு அது 'கடுமையான' என்றே கேட்கும். 'தீவிர' என்றாலும் இதே சிக்கல். இங்கே பேச்சு வேகத்தைப் பற்றியது: 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் 0.3 ஏறினாலே இந்தப் பெயர்தான். அதனால் 'திடீர்' போதும்.

'இஞ்சுரி'க்குப் பலரும் 'பாதிப்பு' என்கிறார்கள். நான் 'காயம்' என்பேன், ஏனென்றால் காயம் ஆறும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் வரிசையாக நிற்கும் செல்களின் உள்முகத்தில் பிரஷ் மாதிரி நுண்ணிய இழைகள் உண்டு. ரத்த ஓட்டம் குறைந்ததும் இழைகள் உதிர்கின்றன. சில செல்கள் செத்துக் கழன்று குழாயை அடைக்கின்றன. பிழைத்த செல்கள் தங்கள் வேலையைக் கொஞ்சம் மறந்து, தட்டையாகி, வெறுமையான இடத்தின் மேல் படர்கின்றன. நாற்று செத்த இடத்தைப் பக்கத்துப் பயிர் தூர் கட்டி மூடுவது போல. அப்புறம் பிளந்து பெருகி, நிமிர்ந்து, இழைகளை மறுபடி வளர்த்துக்கொள்கின்றன. ரத்தத்தை வடிகட்டும் நுண் அலகான நெஃப்ரான் மட்டும் புதிதாக முளைக்காது. அடி பலமாகவோ திரும்பத் திரும்பவோ விழுந்தால், சில செல்கள் பாதியில் நின்று தழும்பை உண்டாக்கும். அதுதான் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு வழி.

சித்தப்பாவுக்கு மூன்று வாரத்தில் 1.1க்கு இறங்கியது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சித்தி காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு, பக்கத்தில் 'காயம் ஆறுச்சான்னு பாக்கணும்' என்று எழுதி வைத்திருக்கிறார்.