செட் ஒன்று, சைஸ் இரண்டு

போன புதன்கிழமை ராத்திரி எட்டேகால் இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். "அக்கா, ஒரே நிமிஷம்க்கா" என்று குனிந்து உள்ளே வந்தது ஒரு பொண்ணு. கையில் பச்சை நிற கோ-ஆர்ட் செட், ஒரே துணியில் டாப்பும் பேன்ட்டும் சேர்ந்து வருமே, அது. விடிந்தால் அந்தப் பொண்ணின் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். "இடுப்புக்குக் கீழ கொஞ்சூண்டு லூஸ் பண்ணிக் குடுங்கக்கா, போதும்."

திருப்பிப் பார்த்தேன். ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடித்து ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், உள்ளே அரை இஞ்ச் துணிகூட இல்லை. எதைப் பிரித்து எங்கே லூஸ் பண்ணுவது? இந்த மாதம் இது ஏழாவது செட். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஈரோட்டில் பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறேன். அளவு கொடுத்துத் தைக்கிற சட்டையில் பக்கத்துக்கு ஒரு இஞ்சாவது உள்ளே விடுவோம், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். ரெடிமேடில் அப்படி விடமாட்டார்கள். ஆயிரம் பீஸுக்கு ஒரு இஞ்ச் விட்டால் எவ்வளவு துணி போகும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே பெரியதைச் சின்னதாக்கித் தருவேன். சின்னதைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள்.

சரி, எல்லாரும் தப்பு செய்கிற இடத்துக்கு வருகிறேன். "நான் எம் சைஸ்க்கா" என்கிறார்கள். எதில் எம்? அந்தப் பெண்ணுக்கு டேப் வைத்துப் பார்த்தேன். மார்பு 36 இஞ்ச், சீட், அதாவது பின்பக்கத்தோடு சேர்த்த சுற்றளவு, 44. எம் என்று ஒட்டி வருகிற குர்தி பெரும்பாலும் மார்பில் 38 இருக்கும். மேலே அளவாக உட்கார்ந்துவிட்டது. சீட்டில் அதே எம் 40, மிஞ்சினால் 41. நாற்பத்துநாலு இஞ்ச் உடம்பு அதற்குள் எப்படிப் போகும்? ஸ்லிட் பிளந்துகொண்டு நிற்கிறது, தையல் முனையில் துணி கிழியப் பார்க்கிறது. டாப்பும் பேன்ட்டும் ஒரே கவரில் வருவதால் உங்கள் உடம்பும் மேலும் கீழும் ஒரே சைஸ் ஆகிவிடாது. கம்பெனிக்காரன் ஒரு கணக்கு வைத்து வெட்டியிருக்கிறான், அந்தக் கணக்கில் பிறந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை, இதை நான் தினமும் யாரிடமாவது சொல்கிறேன்.

அடுத்தது, "எலாஸ்டிக் இருக்கேக்கா, இழுத்துக்கும்." எலாஸ்டிக் இருப்பது இடுப்பில் மட்டும். சீட்டும் தொடையும் வெறும் துணி, அது இழுபடாது. ட்ரையல் ரூமில் நின்று கண்ணாடி பார்த்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். உட்கார்ந்து பாருங்கள். குனிந்து செருப்பு மாட்டிப் பாருங்கள். பேன்ட் பின்னால் இறங்கினாலோ தொடையில் பிடித்தாலோ அந்தப் பீஸை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எந்த உடம்புக்கு எது என்று கேட்பீர்கள். ஆப்பிள், பேரிக்காய் என்று பழக்கடை பேரெல்லாம் எனக்கு வராது. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: டாப் எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்க்கிறவர் கண் நிற்கும். சீட் கனமாக இருப்பவர்களுக்குச் சரியாக அந்த அகலமான இடத்தில் டாப் முடிந்தால், அதிலும் அங்கே ஒரு பார்டரும் இருந்தால், கோடு போட்டுக் காட்டியது மாதிரி. இடுப்பெலும்புக்கு மேலேயே முடிகிற குட்டை டாப், இல்லையென்றால் தொடைக்குக் கீழே வரை இறங்கி ஏ-லைனில் விரிகிற டாப் எடுங்கள். குட்டை டாப் என்றால் செட்டை பேன்ட் அளவுக்கு எடுங்கள், டாப்பைப் பிடித்துத் தருகிறேன். ஆனால் தோள் ஒரு இஞ்சுக்கு மேல் இறங்கினால் வேண்டாம். சைடு பிடிப்பது பத்து நிமிஷ வேலை, தோளைச் சரிசெய்யக் கையையே கழற்ற வேண்டும். கூலி கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

வயிறு முன்னால் இருப்பவர்கள் அதை மறைக்க அங்கேயே சுருக்கம் வைத்த டாப் வாங்குகிறார்கள். வயிற்றின் மேல் இன்னொரு வயிறு. சுருக்கம் வேண்டுமென்றால் மார்புக்குக் கீழே ஆரம்பிக்கட்டும். பேன்ட்டில் முன்பக்கம் தட்டையான பட்டி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். தைக்கக் கொடுத்தால் முன் உயரம் அரை இஞ்சிலிருந்து ஒரு இஞ்ச் கூட்டி வெட்டச் சொல்லுங்கள், வயிறு அதைச் சாப்பிட்டுவிடும்.

மார்பு பெரிதாக இருந்தால் டாட், அதாவது மார்புக்கு வடிவம் கொடுக்கிற மடிப்புத் தையல், இல்லாத டாப் பக்கமே போகாதீர்கள். தோள் அகலமென்றால் வி கழுத்து, கீழே அகலக்கால் பேன்ட். குள்ளமாக இருப்பவர்களுக்குத்தான் செட் வரம்: மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், நடுவில் வெட்டு இல்லை. பேன்ட் கணுக்காலைத் தொட வேண்டும், பாதிக் காலில் நின்றால் போச்சு. ஒல்லியானவர்கள் வழவழ ரயானை விட்டுவிட்டுக் கொஞ்சம் விறைப்பான பருத்தி எடுங்கள்.

கோடு பற்றி அடித்துப் பேசுவார்கள், குறுக்குக் கோடு குண்டாகக் காட்டுமாம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1867-லேயே, குறுக்குக் கோடுகள் நிரப்பிய சதுரம்தான் உயரமாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டார். நான் பார்த்தவரை நெட்டைக் கோடுதான் ஆபத்து. துணி இறுக்கும் இடத்தில் கோடு வளைந்து, எங்கே இறுக்குகிறது என்று ஊருக்கே சொல்லிவிடும்.

ரயான் செட் என்றால் ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகு ஆல்டருக்குக் கொண்டு வாருங்கள், சுருங்கும். டாப்பையும் பேன்ட்டையும் எப்போதும் சேர்த்தே துவையுங்கள். பேன்ட் நன்றாக இருக்கிறதென்று அதை மட்டும் நாலு டாப்புக்குப் போட்டு வெளுக்கவிட்டுவிட்டு, "கலர் மேட்ச் ஆகலக்கா" என்று என்னிடம் வந்து என்ன செய்ய?

கண்ணுகளா, டேப் இருபது ரூபாய். மார்பு, இடுப்பு, சீட்டில் அகலமான இடம், மூன்றையும் அளந்து போனில் எழுதி வையுங்கள். ஆன்லைனில் சைஸ் சார்ட்டில் உடம்பு அளவா, துணி அளவா என்று பாருங்கள். துணி அளவென்றால் உங்கள் அளவைவிட இரண்டு மூன்று இஞ்சாவது கூட இருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் வாங்கியதை ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கவரைப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

அந்தப் பொண்ணுக்கு முக்கால் கையை வெட்டி அரைக்கை ஆக்கினேன். வெட்டிய துணியை இரண்டு பக்கமும் ஸ்லிட்டுக்கு மேல் கூட்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். முடிய பதினோரு மணி. கை நீளமாக இருந்ததால் தப்பித்தது. ஏழில் மூன்று ஸ்லீவ்லெஸ். அதையெல்லாம் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.